‘பாலினப் பரிமாணம்’ கட்டத்தில் ஒரு சிறு கம்பெனி என்ன எழுதலாம்?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன், சரிதானா பாருங்கள். கோவையில் வேளாண் கருவிகள் செய்யும் சிறு பட்டறை உங்களுடையது. பேட்டரியில் ஓடும் களையெடுப்புக் கருவி ஒன்றை மேம்படுத்த ஒரு ஐரோப்பியப் பல்கலைக்கழகம் உங்களைக் கூட்டாளியாகச் சேர்த்து, ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் யூரோப் நிதிக்கு விண்ணப்பிக்கப் போகிறது. படிவத்தில் ‘பாலினப் பரிமாணம்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. உங்களிடம் வேலை செய்யும் பதினெட்டுப் பேரில் இருவர்தான் பெண்கள். இதனால் தள்ளிவிடுவார்களா, மனைவியை டைரக்டராகக் காட்டினால் மதிப்பெண் கூடுமா, அரசுகள் தனியார் கம்பெனியிடம் இதை ஏன் கேட்கின்றன, கேட்டதால் எங்காவது எதுவும் மாறியிருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இவ்வளவுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது. பணம் கொடுப்பவர்கள் எண்ணுவது கம்பெனிக்குள் இருக்கும் பெண்களையா, கம்பெனி செய்யும் பொருளைக் கையில் பிடிக்கப்போகும் பெண்களையா? முதலாவது என்று நினைத்துப் பதறியிருக்கிறீர்கள். அந்தக் கட்டம் கேட்பது இரண்டாவதை. இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டும் இல்லை. நான் படித்த விண்ணப்பங்களில் பாதிக்கு மேல் இதே இடத்தில்தான் வழுக்கியிருக்கின்றன.

நான் இயந்திரப் பொறியாளர். ஸ்வீடனில் கோத்தன்பர்கில் வேலை. கடந்த பதினொரு ஆண்டுகளாக, கம்பெனிகள் பொது நிதி கேட்டு அனுப்பும் விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் போடும் வெளி மதிப்பீட்டாளராகவும் இருக்கிறேன். நான் பார்த்தவை பெரும்பாலும் கருவிகள், வாகனங்கள், பாதுகாப்புச் சாதனங்கள். மருந்துத் துறையில் எனக்கு இருப்பது ஏட்டறிவுதான், அதனால் அந்தப் பக்கம் போகவில்லை. மதிப்பீட்டில் பார்த்ததை வெளியே சொல்வதற்குக் கட்டுப்பாடு உண்டு என்பதால் அங்கிருந்து எடுத்துச் சொல்லும் இடங்களில் பெயர் இருக்காது.

முதலில் உங்கள் உடனடிக் கவலைக்கு வருகிறேன், இது விதிப்படி தெளிவாக இருப்பது. ஹொரைசன் யூரோப்பில் 2022 முதல் ‘பாலினச் சமத்துவத் திட்டம்’ வைத்திருப்பது தகுதி நிபந்தனை. ஆனால் அது ஒன்றியத்தின் உறுப்பு நாடுகளிலும் இந்த நிதித் திட்டத்தோடு இணைந்த நாடுகளிலும் உள்ள அரசு அமைப்புகள், பல்கலைக்கழகங்கள், ஆய்வு நிறுவனங்களுக்குத்தான். தனியார் கம்பெனிகளுக்கு அந்த நிபந்தனை இல்லை. ஆகவே பதினெட்டில் இரண்டு என்ற கணக்குக்காக உங்களை வாசலிலேயே நிறுத்த மாட்டார்கள். குழுவில் ஆண், பெண் விகிதம் ஓரிடத்தில் வரும்: இரண்டு விண்ணப்பங்கள் ஒரே மதிப்பெண்ணில் முட்டிக்கொண்டு நிற்கும்போது வரிசை பிரிக்கப் பார்க்கும் விஷயங்களில் அதுவும் ஒன்று, அதுவும் தலைப்புவாரி மதிப்பெண்களை ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் வரும். நீங்கள் குறிப்பிட்ட கட்டம் வேறு. அது ஆய்வின் உள்ளடக்கத்தில் பால், பாலின வேறுபாடுகளைக் கணக்கில் எடுத்தீர்களா என்று கேட்பது. விண்ணப்பம் கோரும் அழைப்பிலேயே ‘இந்தத் தலைப்புக்குத் தேவையில்லை’ என்று எழுதியிருந்தாலொழிய எழுதியே ஆக வேண்டும். அதற்கு மதிப்பெண் ‘சிறப்பு’ என்ற தலைப்பின் கீழ், ஆய்வு முறையின் ஒரு பகுதியாக வருகிறது. மொத்தம் மூன்று தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண். போட்டி கடுமையாக இருக்கும் அழைப்பில் அரை மதிப்பெண் போனால் பணமும் போய்விடும்.

பால், பாலினம் என்று இரண்டு சொல் போட்டதற்குக் காரணம் உண்டு. பால் என்பது உடல்: உயரம், எடை, கைப்பிடி வலு, கழுத்துத் தசை. பாலினம் என்பது சமூகம் பிரித்துக் கொடுத்த வேலையும் உரிமையும்: களை எடுப்பவர் யார், மெஷின் ஓட்டுபவர் யார், பட்டா யார் பேரில் இருக்கிறது. உங்கள் கருவிக்கு இரண்டுமே பொருந்தும். இரண்டாவதுதான் கனமானது. கடைசியில் அங்கே வருகிறேன்.

அரசுகள் ஏன் கேட்கின்றன என்பதற்கு, பொதுப்பணம் கம்பெனிகளை எங்கெங்கே தொடுகிறது என்று பார்த்தால் விளங்கும். யாருக்குப் பணம் போகிறது என்பது ஒரு இடம். பணம் வாங்கும் நிறுவனத்துக்குள் வேலைச்சூழல் எப்படி என்பது இன்னொன்று. அந்தப் பணத்தில் என்ன பொருள் பிறக்கிறது என்பது மூன்றாவது. நடுவில் உள்ளதில் கம்பெனிகள் விஷயத்தில் அரசுகளின் பிடி தளர்வுதான், மேலே சொன்ன விலக்கே அதற்குச் சாட்சி. ஆஸ்திரியாவில் எஃப்எஃப்ஜி என்ற ஆய்வு மேம்பாட்டு முகமை கட்டாயப்படுத்தாமல் கைகொடுக்கும் வழியைப் பிடித்தது. ‘ஃபெம்டெக்’ திட்டத்தின் கீழ், பொறியியல், அறிவியல் படிக்கும் மாணவிகளைப் பயிற்சிக்கு எடுக்கும் கம்பெனிகளுக்கு அது உதவித்தொகை தருகிறது. சிறு பட்டறைக்கு இந்த முறை ஒத்துவரும். திட்டம் எழுதிக் கோப்பில் வைப்பதைவிட ஒரு பெண் மூன்று மாதம் வடிவமைப்பு மேசையில் உட்கார்ந்து வேலை செய்வது பட்டறையை அதிகம் மாற்றும் என்று நான் நம்புகிறேன்.

மூன்றாவது இடத்துக்கு, நான் வேலை செய்யும் ஊரோடு தொடர்புள்ள கதையையே சொல்கிறேன். கார் மோதல் சோதனையில் உட்காரவைக்கும் மனித உருவப் பொம்மையை, டம்மியை, பார்த்திருப்பீர்கள். உலகம் முழுக்கப் புழங்கும் ஹைப்ரிட் 3 டம்மி 1976இல் வந்தது. ஏறத்தாழ 175 செ.மீ. உயரம், 78 கிலோ எடை, அன்றைய சராசரி அமெரிக்க ஆண். பெண் டம்மி என்று பிறகு வந்தது ஏறத்தாழ ஐந்தடி உயரமும் 49 கிலோவும் உள்ள மிகச் சிறிய உடல். பெண்களில் நூற்றுக்கு ஐந்து பேர்தான் அந்த அளவோ அதற்குக் கீழோ இருப்பார்கள். நடுத்தர உடல்வாகுள்ள பெண்ணுக்குச் சோதனைக் கூடத்தில் ஆளே இல்லை. பின்னாலிருந்து வண்டி இடிக்கும்போது கழுத்து சாட்டைபோல் வெட்டி இழுபடும் காயத்தை விப்லாஷ் என்பார்கள். அது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், சில ஆய்வுகளில் மூன்று மடங்கு வரை. உடல் எடை குறைவாக இருந்தால் இருக்கையின் முதுகுப்பலகை அதே அளவு பின்வாங்கிக் கொடுக்காது. ஆள் முன்னால் வீசப்படுவது சீக்கிரம் நடக்கும். அந்த இருக்கையை வடிவமைத்தவர்கள் ஆண் டம்மியை வைத்துத்தான் சரிபார்த்திருக்கிறார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. கையில் இருந்த அளவுகோல் அது ஒன்றுதான்.

பொதுப்பணம் உள்ளே வந்த இடம் இதுதான். சராசரிப் பெண் டம்மி செய்ய ஒரு கம்பெனி தனியாகக் காசு போடாது. போட்டால் பயன் போட்டிக் கம்பெனிக்கும் போகும், விதியும் அதைக் கேட்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் முதலில் ஏட்சீட் என்ற திட்டத்தில் பெண் உடலின் கணினி மாதிரி உருவானது. பிறகு ஹொரைசன் யூரோப்புக்கு முந்தைய ஹொரைசன் 2020 நிதியில் 2018இல் விர்ச்சுவல் என்ற திட்டம் தொடங்கியது. ஸ்வீடனின் தேசியச் சாலை, போக்குவரத்து ஆய்வு நிறுவனமான விடிஐயைச் சேர்ந்த பேராசிரியர் ஆஸ்ட்ரிட் லிண்டர் அதை நடத்தினார். 2022இல் 162 செ.மீ., 62 கிலோ அளவில் சராசரிப் பெண் டம்மி, செட் 50எஃப் என்ற பெயரில், கையால் தொட்டுப் பார்க்கும்படி வந்தது. கூடவே யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும்படி ஆண், பெண் கணினி உடல் மாதிரிகளைத் திறந்த மூலமாக வெளியிட்டார்கள். டம்மி செய்து ஓட்டும் வசதி இல்லாத சிறு கம்பெனிகூட இந்த மாதிரியை இறக்கி இருக்கையைச் சோதிக்கலாம். பாலினத்தை உள்ளடக்கிய புத்தாக்கத்துக்குப் பொதுநிதி செய்யக்கூடியவற்றில் உச்சம் என்று நான் கருதுவது இதைத்தான்: எல்லாரும் எடுத்துக்கொள்ளக்கூடிய அளவுகோலைச் செய்து பொதுவில் வைப்பது. தனியார் பக்கமும் கை நீண்டது. வால்வோ கார்ஸ் 2019இல் ஈவா என்ற பெயரில், 1970கள் முதல் 40,000க்கும் மேற்பட்ட கார்களிலும் அவற்றில் இருந்த 70,000 பேரிடமும் திரட்டிய விபத்துத் தரவின் அடிப்படையிலான ஆய்வுகளை எல்லாக் கம்பெனிகளுக்கும் திறந்துவிட்டது.

ஆனால் இந்தக் கதைக்கு இன்னொரு பாதி உண்டு. செட் 50எஃப் வந்தும், அதைச் சோதனையில் கட்டாயம் உட்காரவைக்கச் சொல்லும் விதி வரவில்லை. ஆகவே விருப்பமுள்ள கம்பெனி பயன்படுத்தும், மற்றது நகர்ந்துபோகும். ஆய்வு நிதி கதவைத் திறந்து வைக்கலாம், உள்ளே வரச் சொல்லிக் கையைப் பிடித்து இழுப்பது ஒழுங்குமுறைச் சட்டத்தின் வேலை. இரண்டும் வேறு வேறு துறைகளின் கையில் இருப்பதால் நடுவில் பல ஆண்டுகள் வீணாகின்றன. அந்த ஆண்டுகளில் காயப்படுபவர்களை நினைத்தால் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

இனி, யாருக்குப் பணம் போகிறது என்பது. இதிலும் ஸ்வீடனில்தான் நெஞ்சில் தைக்கும் ஆதாரம் கிடைத்தது. லூலியோ தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாலின் மால்ம்ஸ்ட்ரோம், யானெத் யோஹான்சன், யோவாகிம் வின்சென்ட் மூவரும், அரசுப் பணத்தைப் புதிய கம்பெனிகளில் முதலீடு செய்யும் அதிகாரிகளின் கூட்டங்களில் உட்கார்ந்து அவர்கள் பேசியதைப் பதிவு செய்தார்கள். 2009, 2010ஆம் ஆண்டுகளின் கூட்டங்கள் அவை. ஆய்வு 2017இல் வெளிவந்தது. மொத்தம் 125 விண்ணப்பங்கள், அதில் 99 ஆண்களுடையவை, 26 பெண்களுடையவை. ஆண்கள் கேட்ட தொகையில் சராசரியாக 52 சதவீதம் கிடைத்தது, பெண்களுக்கு 25 சதவீதம். பெண்களின் விண்ணப்பங்களில் 53 சதவீதம் நிராகரிக்கப்பட்டன, ஆண்களுடையதில் 38 சதவீதம். எண்களைவிட அந்தப் பேச்சுதான் என்னை உலுக்கியது. ஆண் இளைஞனாக இருந்தால் ‘சின்ன வயசு, நல்லா வருவான்’ என்ற தொனி. பெண்ணாக இருந்தால் ‘சின்ன வயசு, ஆனா அனுபவம் பத்தாது’. ஆண் நிதானமாகப் போனால் விவேகம், பெண் நிதானமாகப் போனால் துணிச்சல் இல்லை. இப்படிப் பேசியவர்கள் கூட்டத்தில் இருந்த ஆண்கள் மட்டும் இல்லை, பெண் அதிகாரிகளும்தான். அதைப் படித்த வாரம் நான் பழைய குறிப்பேட்டை எடுத்து, என் கையெழுத்தில் ‘அனுபவம் போதாது’ என்று எங்கெல்லாம் எழுதியிருக்கிறேன் என்று தேடினேன். நான்கு இடத்தில் இருந்தது. நான்கும் பெண்கள் தலைமை தாங்கிய விண்ணப்பங்கள். அதன் பிறகு அந்தத் தொடரை எழுதுவதையே நிறுத்திவிட்டேன். என்ன தெரியவில்லையோ அதைத் தனியாகக் குறித்து எழுதுகிறேன்.

மதிப்பீட்டுப் படிவத்தின் கேள்வியை மாற்றினாலே முடிவு மாறும் என்பதற்கு கனடாவில் நல்ல சான்று உண்டு. அங்கே மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி தரும் அரசு அமைப்பு ஒரே காலத்தில் இரண்டு வகைத் திட்டங்களை நடத்தியது. ஒன்றில் முதன்மையாக ஆய்வுத் திட்டத்தைப் பார்த்தார்கள், இன்னொன்றில் முதன்மையாக ஆய்வாளரின் தரத்தை. ஏறக்குறைய 24,000 விண்ணப்பங்களை அலசிய ஆய்வு 2019இல் வந்தது. திட்டத்தைப் பார்த்த இடத்தில் ஆண், பெண் வெற்றி விகித இடைவெளி 0.9 சதவீதப் புள்ளி. ஆளைப் பார்த்த இடத்தில் 4. இது பல்கலைக்கழக ஆய்வாளர்களைப் பற்றியது, கம்பெனிகளுக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. ஆனால் நிறுவனரின் முகத்தைப் பார்த்துப் பணம் கொடுக்கும் வழக்கம் எங்கே அதிகமோ அங்கே இந்த அபாயமும் அதிகம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

பெண்களுக்கென்றே நிதியை ஒதுக்கும் வழியும் இருக்கிறது. பிரிட்டன் அரசின் புத்தாக்க நிதி முகமையான இன்னோவேட் யுகே 2016இல் ‘புத்தாக்கத்தில் பெண்கள்’ என்ற விருதைத் தொடங்கியது. அப்போது அதனிடம் வந்த விண்ணப்பங்களில் ஏழில் ஒன்றுதான் பெண் தலைமையில் இருந்தது. பணத்தோடு வழிகாட்டியும் பயிற்சியும் கொடுத்தார்கள். ஐரோப்பியப் புத்தாக்கக் கவுன்சில் இன்னொரு மாதிரி செய்கிறது: நேர்முகத்துக்கு அழைக்கும் கம்பெனிகளில் பெண் தலைமை உள்ளவை 40 சதவீதம் இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. பணம் கொடுப்பதில் ஒதுக்கீடு இல்லை, பேச வாய்ப்புக் கொடுப்பதில்தான். எனக்கு இது நியாயமாகப் படுகிறது. ஒதுக்கீட்டு விருதுகள் எவ்வளவு எளிதில் சுருங்கிவிடும் என்பதை பிரிட்டனே காட்டியது. 2025 தொடக்கத்தில், 75,000 பவுண்டு வீதம் 50 பேருக்கு என்று அறிவித்திருந்த சுற்றில் 25 பேருக்குத்தான் தந்தார்கள். விண்ணப்பித்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். பெண் நிறுவனர்கள் பொதுவெளியில் எழுந்து கேட்ட பிறகு மன்னிப்புக் கேட்டு, 50 பேருக்கும் தருவதாக மாற்றினார்கள். அதே ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவில் ஆட்சி மாறிய வேகத்தில், பன்முகத்தன்மை, சமத்துவம் என்ற பெயரில் கூட்டரசு நடத்திய திட்டங்களை நிறுத்தச் சொல்லி நிர்வாக ஆணைகள் வந்தன. தனித் திட்டமாக நிற்பதை ஒரு கையெழுத்தில் வெட்டலாம். ஒவ்வொரு விண்ணப்பத்தின் ஆய்வு முறைக்குள்ளும் ஊறிப்போன கேள்வியை வெட்டுவது அவ்வளவு சுலபம் இல்லை.

இதனால் எதுவும் மாறியிருக்கிறதா என்று கேட்டீர்கள். உறுதியாகச் சொல்லக்கூடியது: கண்டுபிடிப்பவர் யார் என்பதற்கும் என்ன கண்டுபிடிக்கப்படுகிறது என்பதற்கும் தொடர்பு உண்டு. அமெரிக்காவில் 1976 முதல் 2010 வரை பதிவான 4,41,504 உயிர்மருத்துவக் காப்புரிமைகளை அலசியதில், முழுக்கப் பெண்களே உள்ள குழு பெண்களின் உடல்நலத்தை எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு, முழுக்க ஆண்களே உள்ள குழுவைவிட 35 சதவீதம் அதிகம். அந்த ஆய்வு 2021இல் வந்தது. ஐயத்தோடு சொல்ல வேண்டியது: நிதி கொடுப்பவர் படிவத்தில் கேட்டதால்தான் ஒரு கம்பெனியின் பொருள் மாறியதா என்பது. ஏற்கெனவே அந்த எண்ணம் உள்ள கம்பெனிதான் அதிகம் விண்ணப்பிக்கிறது, அதை விலக்கிவிட்டுப் பார்ப்பது கடினம். தவிர, விண்ணப்பத்தில் எழுதியதைத் திட்டம் முடிந்தபின் யாரும் பொருளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது குறைவு. ஆலோசகர் எழுதிக் கொடுத்த ஒரே பத்தியை மூன்று வேறு கம்பெனிகளின் விண்ணப்பத்தில் நான் படித்திருக்கிறேன். ஒன்றில் முந்தைய கம்பெனியின் பொருளின் பெயர் அப்படியே இருந்தது. அந்தப் பத்திக்கு நான் மதிப்பெண் தரவில்லை. ஆனால் படிக்க நேரமில்லாத மதிப்பீட்டாளரிடம் அது தப்பித்திருக்கும்.

மாறியதை நேரில் பார்த்ததும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு கம்பெனி, நோயாளிகளைத் தூக்கும் செவிலியருக்காக உடலில் மாட்டிக்கொள்ளும் தாங்குசட்டகம் ஒன்றுக்கு நிதி கேட்டது. முதுகுச் சுமையை நெஞ்சுப் பட்டை வழியாகத் தொடைக்குக் கடத்தும் அமைப்பு, பொறியியலில் அழகான வேலை. பாலினம் பற்றிய கட்டத்தில் ‘எங்கள் பொருள் இருபாலருக்கும் பொது’ என்று ஒரே வரி. பின்னிணைப்பில் சோதனைப் படங்கள் இருந்தன: பன்னிரண்டு பேர், எல்லாரும் அவர்களுடைய பட்டறையின் ஆண்கள். செவிலியர்களில் பெரும்பாலோர் பெண்கள். நெஞ்சின் குறுக்கே அந்தக் கெட்டிப் பட்டை அழுத்தினால் எட்டு மணி நேரப் பணியில் எந்தப் பெண் அதை மாட்டிக்கொள்வார்? மதிப்பீட்டுக் குறிப்பில் கேள்வியாக மட்டும் எழுதினோம்: இதை அணிந்து பார்த்தவர்களில் செவிலியர் எத்தனை பேர்? அந்தச் சுற்றில் பணம் கிடைக்கவில்லை. மறு சுற்றில் திரும்ப வந்தார்கள். ஒரு மருத்துவமனை வார்டில் எட்டுச் செவிலியரிடம் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். நெஞ்சுப் பட்டை போய், முதுகுப்பை போல இரண்டு தோள் வார்களும் இடுப்புக் கச்சையும் வந்திருந்தன. சீருடைக்கு மேல் ஒருவர் துணையில்லாமல் மாட்டக் கொக்கி முன்பக்கம் வந்திருந்தது, அதைக் கேட்டவர் இரவுப் பணிச் செவிலியர் ஒருவராம். கட்டத்தில் இப்போது ஒரு பக்கம் எழுதியிருந்தார்கள், அதில் ‘சமத்துவம்’ என்ற சொல்லே இல்லை. முழு மதிப்பெண் போட்டேன்.

உங்கள் கட்டத்துக்கும் அப்படி ஒரு பக்கம் எழுத உங்களிடம் விஷயம் இருக்கிறது. நம் ஊரில் களையெடுப்பு பெண்கள் வேலை. சேலையை ஏற்றிச் செருகி, மேலே ஒரு ஆண் சட்டையைப் போட்டுக்கொண்டு, குனிந்து களைக்கொத்தோடு நகர்கிற உடலை முன்னால் நிறுத்திக்கொண்டு உங்கள் கருவியைப் பாருங்கள். சுழலும் பல்லுக்கு முன்னால் இருக்கும் மறைப்பு பேன்ட் போட்டவருக்குப் போதும், சேலை முந்திக்கும் கொசுவத்துக்கும் போதுமா? கைப்பிடி உயரத்தை மாற்ற முடியுமா? அதன் பருமன் யார் கைக்கு அளந்தது? பேட்டரியோடு மொத்த எடை எவ்வளவு, வரப்பு தாண்ட ஒருவரே தூக்க முடியுமா? திருந்திய நெல் சாகுபடியில் கோனோவீடர் என்ற தள்ளி ஓட்டும் களைக்கருவி வந்தபோது, சேற்றில் தள்ளக் கனமாக இருக்கிறது என்று பெண்கள் ஒதுங்கிய அனுபவம் உங்கள் பக்கத்து விவசாயிகளுக்கே நினைவிருக்கும். அளவுகளுக்கு நீங்கள் புதிதாக அலைய வேண்டியதில்லை. போபாலில் உள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம் இந்திய வேளாண் தொழிலாளர்களின் உடல் அளவு, வலு பற்றிய தரவை ஆண், பெண் தனித்தனியாகவே 2009இல் தொகுத்து வெளியிட்டிருக்கிறது. உங்கள் ஊரிலேயே தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி இருக்கிறது, அங்கே கேளுங்கள்.

இவ்வளவும் உடல். இனி அந்தக் கனமான பகுதி. கருவி ஓடத் தொடங்கினால் களையெடுக்கும் பத்துப் பெண்களின் கூலி என்ன ஆகும்? மெஷின் என்று வந்துவிட்டால் அதை ஓட்ட ஒரு ஆண் வருவார், ஆண் கூலி வாங்குவார், பெண்கள் வீட்டில் இருப்பார்கள். நடவு இயந்திரத்திலும் அறுவடை இயந்திரத்திலும் இதுதான் நடந்தது. வாங்குபவர் யார் என்றும் பாருங்கள். மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் பெண் விவசாயிக்கு 50 சதவீத மானியம், சிறு குறு விவசாயி, பட்டியலினத்தவர் போன்ற பிரிவுகளில் சேராத மற்றவர்களுக்கு 40. ஆனால் மானியத்துக்குப் பட்டா கேட்கிறார்கள், பட்டா பெரும்பாலும் கணவர் அல்லது மாமனார் பேரில். பிடிப்பவர் ஒருவர், வாங்குபவர் வேறொருவர் என்றால் வாங்குபவரின் கைக்குத்தான் கருவி வடிவம் பெறும். உங்களால் நில உரிமையை மாற்ற முடியாது. ஆனால் மகளிர் சுயஉதவிக் குழு ஒன்றுக்கு வாடகைக் கருவியாகக் கொடுத்து, அந்தக் குழுவே ஓட்டி, ஓட்டுநர் கூலியை வாங்கும் ஏற்பாட்டைச் சோதனைக் களமாக வைக்க முடியும். அவர்களிடம் கேட்டது, அதனால் மாற்றியது, மாற்றியபின் எத்தனை மணி நேரம் ஓடியது, கூலி யாருக்குப் போனது என்று நான்கையும் எழுதும் திட்டம் இருந்தால் எந்த மதிப்பீட்டாளரும் நிமிர்ந்து உட்கார்ந்து படிப்பார். அதற்கான செலவையும் பட்ஜெட்டில் தனி வரியாகக் காட்டுங்கள். காசு ஒதுக்காத வாக்குறுதியை நாங்கள் நம்புவதில்லை.

நம் நாட்டிலும் இது தள்ளிப்போடக்கூடிய விஷயமாக இனி இருக்காது. மத்திய அரசு 2025இல் ஒரு லட்சம் கோடி ரூபாயில் ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்க நிதியை அறிவித்தது, அது தனியார் கம்பெனிகளுக்காகவே. உயிரித் தொழில்நுட்பத்தில் கம்பெனிகளுக்கு உதவும் மத்திய அரசு அமைப்பான பைராக் பெண் தொழில்முனைவோருக்கெனத் தனி விருதுகளை முன்பே தொடங்கிவிட்டது. பெரிய பணம் கம்பெனிகளுக்குப் போகத் தொடங்கும் இந்த நேரத்தில், ‘இதை யார் கையில் கொடுத்துப் பார்த்தீர்கள்’ என்ற கேள்வியையும் அதோடு சேர்த்து அனுப்ப வேண்டும் என்று நான் மிகவும் விரும்புகிறேன். பிறகு சேர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்பதைக் கார் டம்மி விஷயத்தில் பார்த்துவிட்டோம்.

உங்கள் மனைவி பற்றிய கேள்வி மிச்சம். பெயருக்காக டைரக்டராகப் போடாதீர்கள். கட்டத்துக்கு அதனால் ஒரு மதிப்பெண்ணும் வராது. பொறுப்பில்லாத பெயர் என்று தெரிந்தால் மற்றப் பக்கங்களின் நம்பகமும் போகும். டைரக்டர் கையெழுத்துக்குக் கம்பெனிச் சட்டப்படி உள்ள பொறுப்பும் அவர் தலையில் விழும். ஆனால் உங்கள் கேள்வியிலேயே ஒரு வரி இருக்கிறது, போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள்: ‘கருவி ரிப்பேருக்கு வரும்போது பெண்கள் என் மனைவியிடம்தான் குறை சொல்வார்கள், அவர் நோட்டில் எழுதி வைப்பார்’ என்று. எத்தனை வருஷ நோட்டு அது? அதைப் பல்கலைக்கழகக் கூட்டாளிக்குப் படம் எடுத்து இன்றே அனுப்புங்கள். பயனாளர்களிடம் பேசும் பணிக்கு, அதற்குரிய மணி நேரமும் சம்பளமும் போட்டு, அவர் பெயரை எழுதுங்கள்.